தொப்பி போட்ட அடுப்பு

அசுன்சியோன், பராகுவே
1925 நவம்பர் 9

மரியாதைக்குரிய யெர்மலாய் குஸ்மிச் அவர்களுக்கு,

மரியாதை பலமாக இருக்கிறதே என்று பூரித்துப் போகாதீர்கள். ஆறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் உங்களை 'நீங்கள்' என்று கூப்பிட்டது மூன்று தடவை. மூன்று தடவையும் வீட்டில் ஏதாவது உடைந்திருக்கிறது. இது நாலாவது. உடைப்பதற்கு நீங்கள் பக்கத்தில் இல்லாததால் கடிதம் எழுதுகிறேன்.

வடக்கே காட்டில் குடியேறக் கிளம்பிய நீங்கள் உயிரோடு போய்ச் சேர்ந்ததை ஸ்டீமர்க்காரன் சொல்லித் தெரிந்துகொண்டேன். கட்டின பெண்டாட்டிக்கு ஒரு வரி எழுத மூன்று வாரமாகக் கை வரவில்லை. இருக்கட்டும்.

அன்று நான் கேட்டது என்ன, ராஜா மாளிகையா? அடுப்பில்லாத வீட்டில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றேன். அவ்வளவுதான். ரஷ்யாவில் நம் ஊரில் முதலில் அடுப்பு, அப்புறம்தானே அதைச் சுற்றி நாலு சுவர்? பாதி அறையை அடைத்துக்கொண்டு, மேலே நாலு பேர் படுக்கிற மாதிரி அடுப்புக் கட்டிக் கொடுத்து, பதினேழு கிராமத்தில் பேர் வாங்கிய கொத்தன் நீங்கள். அந்தக் கையால் எனக்குப் பனைமட்டைக் குடிசையும் வாசலில் மூன்று கல்லுமா? கான்ஸ்டான்டிநோபிள் அகதி முகாமில் நாலு வருஷம் மூன்று கல் வைத்துச் சமைத்தது போதாதா? அதற்கு நீங்கள் கையை ஓங்கி, "இந்த நரக வெயிலில் அடுப்பா, பைத்தியமா உனக்கு?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிறாற்போல் கத்தினீர்கள். போய்விட்டீர்கள்.

பூட்ஸ் விஷயம். நீங்கள் குதிகாலைப் பிடித்து இழுக்க, நான் நுனியைப் பிடித்து இழுக்க, குதிகால் பிய்ந்ததே, அதைத் தைத்துவிட்டேன். ஆனால் தர மாட்டேன். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டு, அந்த ஒற்றைக் கம்பளி பூட்ஸை நீட்டி, "ஏறிக்கோ தாத்தா, எங்களோட வா" என்று, கண்ணுக்குத் தெரியாமல் வீட்டைக் காக்கிற அடுப்புக்கிழவரைக் கூப்பிட்டது யார்? நான். என் குரலுக்கு இறங்கி வந்தவர் அவர். அவர் காவல் இல்லாமல் வீடு வீடாகாது, அடுப்பில்லாமல் அவருக்குக் குடியிருக்க இடமில்லை. மூன்று கல்லுக்குப் பின்னால் அவரை ஒண்ட வைக்க நான் சம்மதியேன்.

கடைசியாக ஒன்று. பிரான்சிலிருந்து அண்ணன் கெராசிம் எழுதியிருக்கிறார். அங்கே கார் தொழிற்சாலையில் நல்ல வேலையாம். ஏப்ரலில் கப்பல் இருக்கிறது, சீட்டு அனுப்புகிறேன், வந்துவிடு என்கிறார். சரி என்று நான் எழுதவில்லை. மாட்டேன் என்றும் எழுதவில்லை.

அக்குலீனா தரசோவ்னா

புதுச் சஸ்னோவ்கா
1925 நவம்பர் 30

அக்குலீனா தரசோவ்னா அம்மையாருக்கு,

நீ மட்டும்தான் மரியாதை கொடுப்பியா? நானும் கொடுப்பேன். ஆனா ஒரு வரிக்கு மேல எனக்கு மூச்சு முட்டுது, அதனால இதோட விட்டுட்டேன்.

எழுதாததுக்குக் காரணம் கோபம் இல்லை. கை பூரா கொப்புளம். ஒன்பது குடும்பமும் சேர்ந்து காட்டை வெட்டினோம். ஊருக்குப் புதுச் சஸ்னோவ்கான்னு பேர் வச்சிருக்கோம், பைன் மரத்து ஊர்னு. எட்டுன தூரத்துக்கு ஒரு பைன் மரம் கிடையாது. இருக்கிறதெல்லாம் பனை, கொசு, கிளிக் கூட்டம். காலையில அந்தக் கிளிங்க போடற சத்தத்துல, நம்ம சண்டையெல்லாம் சங்கீதம்.

சரி, விஷயத்துக்கு வரேன். உன் கடுதாசியைப் படிச்சேன். பதினேழு கிராமத்துல பேர் வாங்கின கொத்தன்னு எழுதியிருக்கே பாரு, அந்த வரியை மட்டும் நாலு தடவை படிச்சேன். படிச்சிட்டு மண்வெட்டியை எடுத்துட்டுப் போனேன். அக்குலீனா, நான் அடுப்புக் கட்டறேன். மூணு கல்லு இல்லை. நிஜ அடுப்பு. படுக்கை மேடையோட, புகைபோக்கியோட, பாதி வீடு அடைக்கிற அடுப்பு.

செங்கல் சூளை இங்கே இல்லை. என்ன செய்யறதுன்னு தலையைச் சொறிஞ்சிட்டு நின்னப்ப, பக்கத்துல குடியிருக்கிற பராகுவேக்காரம்மா ஞா செஃபெரினா வந்தாங்க. 'ஞா'ன்னு சேர்த்துத்தான் கூப்பிடணும், இல்லேன்னா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினாங்க: ஆள் உயரக் கரையான் புத்து! அந்த மண்ணை இடிச்சு, தண்ணி ஊத்தி மிதிச்சா, அடடா, நம்ம ஊர்க் களிமண் பிச்சை வாங்கணும். இவங்களும் அதுலதான் ரொட்டி அடுப்புக் கட்டறாங்க. ஆனா வெளியில, தோட்டத்துல. நான் வீட்டுக்குள்ள கோடு கிழிச்சதைப் பார்த்துட்டு அந்தம்மா வயித்தைப் பிடிச்சிட்டுச் சிரிச்சாங்க. "பெண்டாட்டியை அடை வச்சுக் குஞ்சு பொரிக்கப் போறியா?"ன்னு கேட்டாங்க. பாஷை பாதிதான் புரிஞ்சுது, சைகை முழுசாப் புரிஞ்சுது.

நம்ம ஆளுங்க மட்டும் லேசா? ஊர்ப் பெரிய மனுஷன் நிக்கீஃபர், சர்ச்சுல சங்கீதம் வாசிப்பாரே, அவர் வந்து பார்த்துட்டு, "நரகத்துக்கு நடுவுல எதுக்குடா தனியா ஒரு நரகம்?"ங்கறார். சிரிக்கட்டும். என் கை சும்மா இருக்காது.

பூட்ஸைப் பத்திரமா வச்சிரு. பூச்சி அரிக்காமப் புகையிலை போட்டு வை.

யெர்மலாய்

அசுன்சியோன்
1925 டிசம்பர் 20

யெர்மலாய் குஸ்மிச்,

'மரியாதைக்குரிய'வை எடுத்துவிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம்.

இங்கே வெயிலில் நாய்கூட நிழலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. தைக்கிற ஊசி கையில் வழுக்குகிறது. இந்த வெயிலில், இதைவிடச் சுடுகிற வடக்கே, வீட்டுக்குள் ரஷ்ய அடுப்பு! நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னால் அதை அப்படியே செய்வதா? நான் "கிணற்றில் விழு" என்றும்தான் சொன்னேன். அதைச் செய்தீர்களா?

நான் ஒன்றும் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அடுப்பு வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது? மாவு பிசைகிற பலகைக்கு வெளிச்சம் வருமா? படுக்கை மேடை ஏற இரண்டு படியா, மூன்றா? போன தடவை என் அம்மா வீட்டில் கட்டினபோது ஒரு படி குறைத்துக் கட்டி அவர்கள் இடுப்பு பிடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கட்டும்.

அண்ணனுக்கு இன்னும் பதில் போடவில்லை.

புகையிலை போட்டாயிற்று. கிழவர் தும்முவார், பரவாயில்லை.

அக்குலீனா

புதுச் சஸ்னோவ்கா
1925 டிசம்பர் 29, நம்ம பழைய கணக்குப்படி

அக்குலீனா,

தேதியைப் பார்த்து, நீ கேள்வி கேட்ட கையோட பதில் வந்துடுச்சேன்னு திகைக்காதே. ஊர்க்கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டோம். இனிமே இந்த ஊர் நம்ம பழைய பஞ்சாங்கத்துலதான் நடக்கும். ஊர் உலகம் பதிமூணு நாள் முன்னால ஓடினா ஓடட்டும்னுட்டார் நிக்கீஃபர். எனக்கென்ன, பதிமூணு நாள் வயசு குறைஞ்சுது.

அடுப்பு முடிஞ்சுது! படி மூணு. உங்கம்மா இடுப்பு மேல சத்தியமா மூணு. வாய் கிழக்கே பார்க்குது.

கிறிஸ்துமஸ் அன்னிக்கு முதல் நெருப்பு. ஊரே வந்து உள்ளே உட்கார்ந்துச்சு. ஞா செஃபெரினா ஒரு பன்றிக்குட்டியைக் கொண்டு வந்தாங்க. விறகு பிடிச்சுது, புகை கோடு போட்ட மாதிரி மேலே போச்சு. என் கண்ணுல தண்ணி. நிக்கீஃபர் எழுந்து நின்னு வாழ்த்துப் பாட ஆரம்பிச்சார். ரெண்டாவது வரிக்குள்ள அவர் கையில இருந்த மெழுகுவத்தி பத்த வைக்காமலே குனிஞ்சு கும்பிடு போட்டுடுச்சு. மூணாவது வரியில ஒருத்தி மயக்கம். நாலாவது வரியை நிக்கீஃபர் வெளியில மாட்டுத் தொட்டிக்குள்ள உட்கார்ந்து பாடினார். கழுத்து வரைக்கும் தண்ணி.

அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு! போர் ஆரம்பிச்சதுல இருந்து இந்த ஜனங்க இப்படிச் சிரிச்சு நான் பார்க்கலை.

என்ன செய்யறது, மறுநாள் கிழக்குச் சுவரை எடுத்தேன். பனைமரத்தைப் பிளந்து நட்ட சுவர்தான், அரை நாள் வேலை. கொஞ்சம் தேவலாம். அதுக்கு மறுநாள் மேற்கையும் எடுத்தேன். இப்ப காத்து உள்ளே வந்து அடுப்பைப் பார்த்துட்டு அந்தப் பக்கமாப் போயிடுது. ரெண்டு சுவர் பாக்கி.

ஆனா ரொட்டி! மேல் தோல் மொறுமொறுன்னு, உள்ளே பஞ்சு. வெட்டிக் கொடுத்தேன். ஒரு கிழவன் அதை மூக்கு மேல வச்சு மோந்துட்டே இருந்தான், திங்கவே இல்லை.

நெருப்பில்லாதப்ப இந்த அடுப்பு மேல படுத்தா ஜில்லுன்னு இருக்கு தெரியுமா? ஊர்லயே குளிர்ந்த இடம் என் அடுப்புதான். நான் மட்டும் சொல்லலை, நேத்து ஒரு பாம்பும் அதையே சொல்லிச்சு.

யெர்மலாய்

அசுன்சியோன்
1926 பிப்ரவரி 2

யெர்மலாய்,

கெட்டிக்காரன்தான் நீ! மாட்டுத் தொட்டியை நினைச்சு நினைச்சு மூணு நாள் சிரிச்சேன். தையல் கடைக்கார அம்மா எனக்குக் காய்ச்சல்னு நினைச்சு எலுமிச்சம்பழம் கொடுத்தா. நாம ரெண்டு பேரும் சண்டை போட்டது ஒரு வீட்டுக்காக. நீ கட்டி வச்சிருக்கிறது என்ன? தொப்பி போட்ட அடுப்பு!

சிரிச்சு முடிச்சு உட்கார்ந்தப்பதான் அழுகை வந்துச்சு. அதையும் எழுதிடறேன். எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது.

அண்ணன் சீட்டு அனுப்பிட்டார். புவெனோஸ் ஐரெஸ்ல இருந்து ஏப்ரல் 10 கப்பல். சீட்டு இப்ப பூட்ஸுக்குப் பக்கத்துல, ஒரே பெட்டியில இருக்கு. தினம் பெட்டியைத் திறந்து ரெண்டையும் பார்க்கிறேன்.

உன் கடுதாசி எல்லாத்தையும் வரிசையா வச்சுப் படிச்சேன். புத்து மண் இருக்கு, பன்றிக்குட்டி இருக்கு, பாம்புகூட இருக்கு. 'வா'ங்கற ஒரு வார்த்தை இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை. அடுப்பு எனக்காகக் கட்டினியா, நான் சொன்னது தப்புன்னு எனக்குக் காட்டறதுக்குக் கட்டினியா? ஊர் சிரிக்கட்டும்னு கட்டினியா?

வயசான அந்த அடுப்புக்கிழவரே, வாய்விட்டு 'வா தாத்தா'ன்னு கூப்பிட்டாத்தான் பூட்ஸுக்குள்ள ஏறுவார். மண்டியிட்டுக் கூப்பிடணும். நான் அவரைவிட மட்டமா?

அக்குலீனா

புதுச் சஸ்னோவ்கா
1926 பிப்ரவரி 4, பழைய கணக்கு

அக்குலீனா,

வா.

மேலே இருக்கிற வார்த்தையை எழுத எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. எழுதினப்புறம்தான் தெரிஞ்சுது, அது எவ்வளவு சின்ன வார்த்தைன்னு.

நான் எதுக்குக் கட்டினேன்னு கேட்டே. உண்மையைச் சொல்லிடறேன். ஆரம்பிச்சப்ப ரோஷம்தான். உன் வாயை அடைக்கணும்னுதான் முதல் கூடை மண் சுமந்தேன். பத்தாவது கூடையில ரோஷம் தீர்ந்துபோச்சு. அப்புறம் ஒவ்வொரு கையளவு மண்ணும் வைக்கறப்ப, அவ இங்கே நிப்பா, இங்கே கையை ஊனுவா, இங்கே மாவுப் பானை வைப்பான்னு நினைச்சுத்தான் வச்சேன். உன் முழங்கை உயரம் எனக்குத் தெரியும். அளவுகோல் வச்சு அளந்து பார்க்கலை, சரியாத்தான் இருக்கும்.

நான் பயந்துதான் கேட்கலை. முகாம், கப்பல், இந்த நாடு, எல்லா இடத்துக்கும் உன்னை நான்தான் இழுத்துட்டுப் போனேன். ஒரு தடவை கூட உனக்குச் சொந்தமா ஒரு அடுப்புக் கொடுக்கலை. ஊருக்கெல்லாம் கட்டினவன். எந்த வாயால 'வா'ன்னு கூப்பிட?

பாக்கி ரெண்டு சுவரும் போயிடுச்சு. ஒண்ணு வெக்கைக்கு. இன்னொண்ணு ஜனத்துக்கு. மழை பிடிச்சுக்கிச்சுல்ல, ஊர்ல எல்லாமே பூஞ்சை. விதைச் சோளம், செருப்பு, நிக்கீஃபரோட சங்கீதப் புஸ்தகம் வரைக்கும். காயற ஒரே இடம் நம்ம அடுப்பு. ஒன்பது வீட்டு விதையும் என் படுக்கை மேலதான் காயுது, நான் கீழே படுத்துக்கறேன். ஞா செஃபெரினாவும் அவங்க பக்கத்துப் பொம்பளைங்களும் வடக்குப் பக்கமா வந்து மரவள்ளி ரொட்டி சுடறாங்க. சுவர் இருந்தா எப்படி வருவாங்க? இப்ப யாரும் சிரிக்கறதில்லை. சிரிக்கறாங்க, ஆனா வேற சிரிப்பு.

அதனால உண்மையைச் சொல்லிக் கூப்பிடறேன். வீடு இல்லை. அடுப்பும் கூரையும்தான். வா குல்யா. மண்டியிட்டுத்தான் எழுதறேன், மேஜை இல்லாததால மட்டும் இல்லை.

உன் யெர்மோஷா

அசுன்சியோன்
1926 மார்ச் 2

யெர்மோஷா,

வரேன்.

மார்ச் இருபதாம் தேதி ஸ்டீமர் உங்க ஊருக்குக் கிட்டே இருக்கிற கொன்செப்சியோன் துறைக்கு வந்து சேரும். அங்கே ஒரு மணி நேரம் நின்னுட்டு, அதே ஸ்டீமர் திரும்பும். பெட்டி ஒண்ணு, மாவுப் பானை ஒண்ணு, பூட்ஸ் ஒண்ணு. பூட்ஸைப் பெட்டிக்குள்ள வைக்க மாட்டேன், கிழவருக்கு மூச்சு முட்டும். கையிலதான் எடுத்துட்டு வருவேன். யார் சிரிச்சா எனக்கென்ன.

கப்பல் சீட்டும் என்கிட்டத்தான் இருக்கு. பயமுறுத்தறதுக்குச் சொல்லலை, நிஜமாத்தான் சொல்றேன். இத்தனை வருஷம் நீ முன்னால போவே, நான் பின்னால வந்து தேடுவேன். இந்த ஒரு தடவை நீ எனக்காகக் காத்துட்டு நிக்கணும். துறையில நீ இல்லைன்னா இறங்கின காலோட திரும்ப ஏறிடுவேன். அப்புறம் பிரான்ஸ்தான்.

அக்குலீனா

புதுச் சஸ்னோவ்கா
1926 மார்ச் 1, பழைய கணக்கு

குல்யா! குல்யா! குல்யா!

இந்தக் கடுதாசி நீ கிளம்பறதுக்குள்ள வருமோ என்னவோ, எழுதாம இருக்க முடியலை. இன்னிக்கு மார்ச் ஒண்ணு. அடுப்போட தெற்குப் பக்கத்துல கரியால இருபது கோடு போட்டிருக்கேன். தினம் காலையில எழுந்ததும் ஒண்ணை அடிக்கிறேன். இருபது வந்தா நீ வந்துடுவே. கொன்செப்சியோன் துறையில முந்தின நாள் சாயங்காலமே போய் உட்கார்ந்துடுவேன்.

ஒரே ஒரு குறை. அடுப்பு இன்னும் மண் நிறமாவே இருக்கு. நம்ம ஊர்ல மணப்பொண்ணு வரப்ப அடுப்பு வெள்ளையா இருக்கணும்ல? ஆத்துக்கு மேலே வடக்கே சுண்ணாம்புக் காளவாய் இருக்காம். போக வர ஒரு வாரம். ஏழாம் தேதி கிளம்பறேன். பதினாலுக்குத் திரும்பிடுவேன், நிறைய நாள் இருக்கு. நீ வந்து பார்க்கறப்ப கண்ணு கூசணும்.

உன் யெர்மோஷா

புதுச் சஸ்னோவ்கா
1926 மார்ச் 21. உன் கணக்குக்கு எட்டு!

அட என் அறிவுக்கொழுந்தே,

இந்தக் கடுதாசியை எடுத்துட்டு வர்ற படகுக்காரனைக் கட்டிப் பிடிக்காதே, சுண்ணாம்பு ஒட்டிக்கும். உட்கார்ந்து படி. நான் வந்துட்டேன். நேத்தே வந்துட்டேன்.

துறையில இறங்கினேன். நீ இல்லை. மீன்காரன் இருக்கான், போலீஸ்காரன் இருக்கான், கழுதை இருக்கு, நீ இல்லை. பெட்டி மேல உட்கார்ந்து பூட்ஸை மடியில வச்சுக்கிட்டேன். கால் மணி ஆச்சு. அரை மணி ஆச்சு. ஸ்டீமர் முதல் ஊதல் ஊதிச்சு. அப்ப நான் உன்னைத் திட்டின திட்டு, ஆத்து முதலைக்குக்கூடக் காது கூசியிருக்கும். ரெண்டாவது ஊதல். எழுந்துட்டேன் யெர்மோஷா. பலகை மேல ஒரு கால் வச்சுட்டேன். கண்ணு தெரியலை, அவ்வளவு அழுகை.

பின்னால இருந்து ஒரு கூச்சல். ஒரு பொம்பளை தலையில ரொட்டிக் கூடையோட ஓடி வரா. வந்தவ என்னைப் பார்க்கலை, என் கையில இருந்த பூட்ஸைப் பார்த்தா. இந்த வெயில்ல, இந்த நாட்டுல, ஒத்தைக் கம்பளி பூட்ஸோட துறையில நிக்கிறவ வேற யாரா இருக்க முடியும்? நீதான் ஊர் முழுக்கச் சொல்லி வச்சிருக்கியே! அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. கூடையை இறக்கி வச்சுட்டு, கையால ஒரு பெரிய அடுப்புக் கட்டினா. வேர்வையைத் துடைச்சா. ஒரு சுவரை இடிச்சா, ரெண்டு சுவரை இடிச்சா, நாலையும் இடிச்சா. தொட்டியில உட்கார்ந்து பாடிக் காட்டினா. நான் அழுதுட்டே சிரிச்சேன். "ஞா செஃபெரினா?"ன்னேன். நெஞ்சுல கையை வச்சுத் தலையாட்டினா. ஸ்டீமர் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு. போகட்டும்னு விட்டேன்.

ஆனா உன்னை மன்னிச்சுட்டுத்தான் அவ மாட்டு வண்டியில ஏறினேன்னு நினைக்காதே. உன் அடுப்பு முன்னால நின்னு உன்னை நல்லாத் திட்டிட்டு, அடுத்த ஸ்டீமர்ல போயிடலாம்னுதான் ஏறினேன்.

இன்னிக்குக் காலையில வந்து சேர்ந்தோம். நீ இல்லை. கூரை இருக்கு, அடுப்பு இருக்கு. அவ்வளவு பெரிய அடுப்பு! சுத்தி வந்தேன். தெற்குப் பக்கம் வந்தப்பதான் பார்த்தேன், கரிக்கோடு. இருபது. ஏழு அடிச்சிருக்கு. பதிமூணு பாக்கி.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பதிமூணு! உன் பழைய பஞ்சாங்கம்! நீ எழுதித்தான் இருந்தே, நானும் படிச்சுச் சிரிச்சேன், ரெண்டு பேருமே மறந்துட்டோம். ஸ்டீமர் உங்க நிக்கீஃபர் கூட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஓடுதா, முட்டாளே? நான் வந்து இறங்கின நேரத்துல, எனக்காக வெள்ளையடிக்கணும்னு சுண்ணாம்பு தேடிப் போயிட்டு இருந்திருக்கே, நிக்கீஃபர்தான் சொன்னார். உன் கணக்குல நான் வர இன்னும் பதிமூணு நாள் இருக்கு.

அந்தக் கோட்டு மேல கையை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். ஒவ்வொரு கோடும் அழுத்தி அடிச்சிருக்கே, கரி உடைஞ்சு மண்ணுல பதிஞ்சிருக்கு. இவ்வளவு அவசரமா எனக்காக யாரும் காத்திருந்ததே இல்லை.

அப்புறம் உட்கார நேரமில்லை. விதைச் சோளத்தை இறக்கி வச்சேன். படி மூணுதான், சரியா இருக்கு. முழங்கை உயரமும் சரியா இருக்கு, கடன்காரா. அடுப்பு வாய் முன்னால மண்டியிட்டுப் பூட்ஸை நீட்டி, "இறங்கிக்கோ தாத்தா, வீடு வந்துடுச்சு"ன்னு கூப்பிட்டேன். சுத்தி இருபது பொம்பளைங்க எட்டிப் பார்த்தாங்க. எங்கிருந்தோ ஒரு காத்து வந்து பின்னால மூலையில கொஞ்சம் சாம்பல் பறந்துச்சு. சுவரில்லாத வீட்டுல காத்து வராம என்ன செய்யும்னு நீ சொல்லுவே. சொல்லிக்கோ. அவர் இறங்கிட்டார்.

நெருப்பு வச்சாச்சு. என் புளிமாவும் செஃபெரினாவோட மரவள்ளி மாவும் ஒண்ணா உள்ளே போயிருக்கு. நிக்கீஃபர் முன்னெச்சரிக்கையாத் தொட்டியிலயே உட்கார்ந்திருக்கார். அண்ணனுக்குச் சீட்டைத் திருப்பி அனுப்பறேன், இதே படகுக்காரன்கிட்டத்தான் கொடுத்திருக்கேன். உனக்குச் சந்தேகமா இருந்தா வாங்கிப் பாரு.

சீக்கிரம் வா. நீதான் எனக்காகக் காத்துட்டு நிக்கணும்னு எழுதினது ஞாபகம் இருக்கு. இந்த ஒரு தடவை காத்திருக்கேன்.

சுண்ணாம்பு நிறையவே கொண்டு வா. கிழக்குப் பக்கம் அடி, மேற்கே அடி, வடக்கே அடி, புகைபோக்கி உச்சி வரைக்கும் கண்ணு கூசற மாதிரி அடி. தெற்குப் பக்கம் மட்டும் கை வைக்கக் கூடாது. அந்தக் கோட்டுல ஒண்ணு மேல ஒரு சொட்டு சுண்ணாம்பு பட்டாலும், மறுபடி உன்னை 'நீங்கள்'னு கூப்பிடுவேன்.

உன் குல்யா